கால் மணி நேரத் தண்ணீர்

சாய்ந்தமருதில் வாப்பா எனக்காகக் கட்டிய வீட்டில் நான் முதலில் செய்த வேலை குறைகளை எழுதியது. கல்முனையில் ஓர் அலுவலகத்தில் வீட்டுப் படங்கள் வரைகிறேன். கண் தானாகக் குறைகளிடம்தான் போகும். குசினிச் சுவரில் ஓதம். குளியலறைத் தரையின் சாய்வு பிழை, தண்ணீர் கதவுப் பக்கம் ஓடுகிறது. மேற்கு யன்னல் முழுவதாகத் திறக்காது. கிணற்று நீர் உப்பு. நாலையும் எழுதிக் கொப்பியை மூடினேன். எதையும் திருத்தத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் நிச்சயமானதும் வீட்டின் உறுதிப் பத்திரம் என் பேருக்கு எழுதப்பட்டது. அடுத்த மாதம் கழுத்தில் கட்டி தெரிந்தது. ஊசியால் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முடிவு வரட்டும் என்றார்கள். பழைய வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தோடு கதைத்தார்கள். அவர்களிடமிருந்து தப்பத்தான் உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். வாப்பாவும் தங்கச்சியும் அங்கேயே இருந்தார்கள். பத்து நாளாக நான் ஒரு பெட்டியையும் அவிழ்க்கவில்லை. அலுவலகத்துக்கும் போகவில்லை.

பதினோராம் நாள் உம்மாவின் தங்கை, சாச்சி, வந்தார். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துக் கோப்பையை வைத்தார்.

"கிணத்துத் தண்ணியிலயா ஊத்தினீங்க ராத்தா? கடலக் குடிச்ச மாதிரி இரிக்கி."

"பைப்பு ரெண்டு நாளா வரல்ல," என்றார் உம்மா.

"இந்த வளவு அப்படித்தான். சுனாமிக்குப் பொறகு இனிக்கவே இல்ல." பிறகு, நான் அங்கே இல்லாதது போல் சொன்னார்: "கோவிக்காதீங்க ராத்தா. உறுதியச் சின்னவட பேருக்கு மாத்தி வெச்சா நல்லம். இவட கழுத்து வருத்தம் என்ன நோயெண்டு தெரியா. வருத்தக்காரிக்கு வீடு எதுக்கு?"

உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சாச்சி சொன்னதைவிட அது மோசமாக இருந்தது.

"நான் இஞ்சதான் இரிக்கப் போறன் சாச்சி," என்றேன்.

"ஒன்ன ஆரும் வீட்ட உட்டு எழும்பச் சொல்லல்லயே புள்ள."

அவர் போனபிறகு எனக்கு அழுகை வரவில்லை, ஒரு கேள்வி வந்தது. கடல் எல்லா வளவுக்குள்ளும்தானே வந்தது? பதினைந்து எட்டு நடைதூரத்தில் இருக்கும் பக்கத்துக் கிணறு மட்டும் ஏன் இனிக்கிறது? சாச்சி சொன்னது பிழை என்று காட்டவேண்டும். நோக்கம் அவ்வளவுதான், அதில் நல்லெண்ணம் எதுவும் கலந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் கேட்டேன்.

"மோட்டர் பூட்டல்லயா மதினி?"

"கை இரிக்கே. கழுத்துக்கு என்னவாம் சொன்னாங்க?"

"நான் கிணத்தப் பத்தித்தான் கேட்டன்."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது: அங்கே மோட்டர் இல்லை.

கல் கட்டிய போத்தலைக் கயிற்றில் இறக்கி மேல்நீரும் அடிநீரும் எடுத்தேன். அளக்கும் கருவி என் நாக்குத்தான். விடியற்காலையில் மேல்நீர் இனித்தது, அடிநீர் கரித்தது. உம்மா கூரைமேல் தண்ணீர்த் தாங்கி நிறைய ஒரு மணி நேரம் மோட்டர் போட்டபின் இரண்டும் கரித்தன. மணல் நிலத்தில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதக்கும், விடாமல் இழுத்தால் உப்பு மேலே ஏறும். இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். எங்கள் வீட்டு உறிஞ்சு குழாயோ கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குழாயை வெளியே இழுத்து மூன்றடி அறுத்தேன். உம்மாவுக்கு ஒரு சட்டம் போட்டேன்: ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், நாளுக்கு நாலு தடவை. நேரங்களை எழுதிச் சுவிட்சுக்கு மேல் ஒட்டினேன்.

"தண்ணிக்கும் டைம் டேபிளா?" என்று உம்மா முணுமுணுத்தார். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வாரம் நான் யாரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. சட்டம் போட்ட பன்னிரண்டாம் நாள் கை கழுவும்போது, உப்புநீரில் நுரைக்காத சவர்க்காரம் நுரைத்தது.

அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. எடுத்த மாதிரி போதாதாம், திரும்ப ஊசி போடவேண்டுமாம். உம்மா அழுதார். மோட்டர் நேரங்களுக்குக் கீழே புதிய திகதியையும் எழுதினேன். அன்றுதான் முதல் பெட்டியை அவிழ்த்தேன். அளவு நாடா அதற்குள் இருந்தது.

சாச்சி மறுபடி வந்தபோது கையில் ஒரு ஃபைல். வீட்டைத் தங்கச்சி பேருக்கு மாற்றும் பத்திரமாம், நொத்தாரிசு எழுதிக் கொடுத்ததாம். "கையெழுத்து மட்டும் போட்டாக் காணும்," என்றார்.

நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். முழுவதும் குடித்தார்.

"பைப்பு வருதாக்கும்."

"இல்ல சாச்சி. கிணறு."

கோப்பைக்குள் பார்த்தார். "சீனியக் கூடப் போட்டிரிப்பாய்."

"போடவே இல்ல. ஒங்களுக்குத்தான் சீனி வருத்தமே. ஒங்கட வீடு இப்ப ஆருட பேரில இரிக்கி?"

சாச்சி உம்மாவைப் பார்த்தார். உம்மா ஃபைலை எடுத்துச் சாச்சியின் மடியில் வைத்தார்.

"கொண்டு போ. அவட வீடு அவக்குத்தான்."

சாச்சி செருப்பைப் போட்டுக்கொண்டே, "படிச்ச புள்ளைகள்ட வாய்," என்றார். கேற் சாத்திய சத்தம் கேட்டதும் கொப்பியைத் திறந்து, நாலாவது குறையின்மேல் கோடு போட்டேன். பிறகு மேற்கு யன்னலின் பிணைச்சலைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் தேடி இரண்டாவது பெட்டியை அவிழ்த்தேன்.