சாலையோரம் கிடந்த ஒற்றைச் சப்பாத்து

ரஞ்சனி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கைப்பேசியில்தான் வந்தது. நம் ஓட்டக்காரர்கள் குழுவில் யாரோ அவருடைய படத்தை மட்டும் போட்டு, கீழே கைகூப்பும் குறியை வைத்திருந்தார்கள். படத்தைத் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. ஒரு பகல் முழுக்க அதை எனக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான்.

உங்களில் பலருக்கு அவரை ஓட்டங்களில் தண்ணீர்க் குவளை நீட்டும் நரைத்த தலைக்காரராகத்தான் தெரியும். நான் சொல்வது எண்பதுகளில் கோலசிலாங்கூர் சாலையில் ஓடிய ரஞ்சனி அக்காவை. ஒரு பெண் அரைக்கால் சட்டையோடு ஓடுவதைப் பார்த்து லோரிகள் வேகம் குறைத்த காலம் அது. அவர் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணியின் மகள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் தொழிலாளர் லயத்துப் பெண். பாசிர் பெனம்பாங்கில் மீன் தரம் பிரிக்கும் வேலை. சாயங்காலம் வேலை விட்டதும் கை நாற்றம்கூடப் போகாமல் சைக்கிளில் அவர் பின்னாலேயே போவேன். யாரும் போகச் சொல்லவில்லை. நான் அவருடைய ரசிகை, அவ்வளவுதான்.

நாயைக் கண்டால் மட்டும் என் சைக்கிளுக்கு இந்தப் பக்கம் வந்து ஒளிந்துகொள்வார்.

"லோரிக்கே பயப்படாதவங்க, இந்தச் சொறிநாய்க்குப் போயி பயப்படுறீங்களேக்கா."

"லோரிக்கும் பயம்தான். எனக்கு எல்லாத்துக்கும் பயம். கால் மட்டும் பயப்பிடாது. அதை அதின்ர பாட்டில விட்டிடுவன்."

அந்த வருடம் சுங்கை சோவில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருந்த விடுதியின் கூரையைப் புயல்காற்று தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் கோயில் மண்டபத்துத் தரையில் படுத்தார்கள். ரஞ்சனி அக்கா எங்கள் மீன் கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய், கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை சோ வரை ஓடப்போகிறேன், உதவ வேண்டும் என்றார். முப்பது மைல்கட்டைக்கு மேல் வரும். தவுக்கே சிரித்துவிட்டு மலாயில் சொன்னார்: "சொந்தக் காலில் போய்ச் சேர்ந்தால் கூரைத் தகரம் முழுக்க நான் தருகிறேன். வழியில் எதிலாவது ஏறினால் ஒரு தகடுகூடக் கிடையாது."

"உனக்கென்ன விசரே?" என்று கேட்ட கிராணி ஐயாதான், அன்று காலையில் தன் பழைய காரை மகள் பின்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். நான் சைக்கிளில் பக்கத்தில்.

எஸ்டேட் ஜனங்களுக்கு ஓட்டப்பந்தயம் தெரியாது. அடுத்தவர் பிள்ளைக்காக ஒருவர் இத்தனை தூரம் வருகிறார் என்றால் அது வேண்டுதல்தான். ஆகவே ஒவ்வொரு எஸ்டேட் முகப்பிலும் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடும் வேப்பிலையோடும் நின்றார்கள், காவடி வரும்போது நிற்பதுபோல.

"ஏன்டி, சப்பாத்து போட்டிருக்காங்களே, ஊத்தலாமா?"

"படிச்சவங்க வேண்டுதல் அப்படித்தான் இருக்கும். ஊத்து லா."

ரஞ்சனி அக்கா ஓட்டத்தை நிறுத்தாமல் நின்ற இடத்திலேயே குதித்தபடி கைகூப்பினார். குடம் குடமாகச் சப்பாத்துக்குள் இறங்கியது. இரண்டு எஸ்டேட் தாண்டியதும் அவர் கால் வைக்கும் போதெல்லாம் சளக் சளக்கென்று சத்தம். பத்தாங் பெர்ஜுந்தை வந்தபோது மஞ்சளாக இருந்த காலுறையில் சிவப்பு கலந்திருந்தது. ஊறிய தோல் உரியத் தொடங்கிவிட்டது.

அங்கேதான் கிராணி ஐயாவின் காரும் புகைந்து நின்றது. அவர் இறங்கிவந்து என் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார். "தங்கச்சி, இவளைத் தனிய விட்டிடாதை."

அதற்கப்பால் அடுத்த எஸ்டேட் வரைக்கும் வெறும் செம்பனை. வீடு இல்லை, கடை இல்லை. ஒரு வளைவில் போன மாதம்தான் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் லோரிக்கு அடியில் போயிருந்தார். ஒவ்வொரு லோரி ஹாரனுக்கும் சைக்கிளை அவருக்கும் சாலைக்கும் நடுவே கொண்டுபோனேன். அப்போது ரஞ்சனி அக்கா சொன்னார், "நீ முன்னுக்குப் போ. அடுத்த எஸ்டேட்டில தண்ணி ஊத்த வேண்டாமெண்டு சொல்லு."

"ஐயா விடாதேன்னு சொன்னாருக்கா."

"இன்னொரு குடம் ஊத்தினா நான் விழுந்திடுவன். பிறகு தகரமும் இல்லை, ஒண்டும் இல்லை. போ."

போனேன்.

அடுத்த எஸ்டேட்டில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் பெண்டாட்டி குடத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்றார். "சாமிக்கு வரவங்கள வெறுமனே அனுப்புறதா? நாளைக்கு என் புள்ளைக்கு ஒன்னுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

நான் மன்றாடிய பிறகு, கடைசியில் வைத்தார். காத்திருந்தோம். வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ஓடி வர்ற பொம்பள ஒங்க ஆளா? அந்த வளைவுல ஒத்தச் சப்பாத்து கெடக்குது. ஆளக் காணோம்."

நான் சைக்கிளைத் திருப்பியது நினைவில் இல்லை. மிதித்தது நினைவிருக்கிறது. கால்கள் யாருடையவோ போல இருந்தன.

வளைவில் சப்பாத்து கிடந்தது. வெள்ளை, ஓரமெல்லாம் மஞ்சள். நாடாவின் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முடிச்சு அவிழாமல் சப்பாத்து மட்டும் எப்படிக் கழன்று விழும்? அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில்தான் தெரிந்தது. பக்கத்து வடிகாலில் கலங்கல் தண்ணீர். அதற்குள் பார்க்கப் பயந்து, வேறெங்கும் பார்க்கவும் முடியாமல், "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"ஏனடி அழுறாய்?"

செம்பனை வரிசைக்குள்ளிருந்து வந்தார், வெறுங்காலோடு, ஓடிக்கொண்டே. தார் சுடுகிறது என்று, குலை வெட்டுபவர்கள் நடக்கும் உள்பாதையில் நிழலுக்குள் ஓடிக்கொண்டிருந்தவர், நான் சைக்கிளில் கடந்து போவதைக் கண்டு திரும்பி வந்திருக்கிறார். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது.

"நாடா ஊறி இறுகிப்போச்சுது. பிடிச்சு இழுத்து எறிஞ்சிட்டன். ஒண்டு இந்த லோங்காங் தண்ணிக்குள்ள போட்டுது. மற்றது இருக்கே?"

நான் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினேன். அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன் என்று பிறகு அவர் சொல்லிச் சிரிப்பார்.

எஸ்டேட் முகப்பில் பெண்கள் வெறுங்கையோடு ஒதுங்கி நின்றார்கள். ரஞ்சனி அக்காவே அவர்கள் முன்னால் போய், கொப்புளம் உடைந்த காலை நீட்டினார். "ஊத்துங்கோ."

மஞ்சள் தண்ணீர் வெறுங்காலில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மண்டோர் பெண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல."

அதன் பிறகு ஒவ்வொரு முகப்பிலும் அந்தத் தண்ணீர்தான் அவரை அடுத்த முகப்புக்குத் தள்ளியது. சுங்கை சோவில் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். காரைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்ந்த கிராணி ஐயா தரையில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் வைத்து, உள்ளங்காலில் குத்தியிருந்த கல்லை எடுத்தார். தவுக்கே சொன்னபடி தகரம் அனுப்பினார்.

பிறகு எங்கே பார்த்தாலும் ரஞ்சனி அக்கா என்னிடம் முதலில் கேட்பது, "மற்றச் சப்பாத்து கிடைச்சுதே?"

"இன்னும் இல்லக்கா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த ஒற்றைச் சப்பாத்து என்னிடம்தான் இருக்கிறது. மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் அவிழ்க்காத முடிச்சை நானும் அவிழ்க்கவில்லை. செய்தி வந்த அன்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் படத்தைத் தொட்டுத் திறந்தேன். ஏனடி அழுறாய் என்று பக்கத்து மர வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும் என்று, இத்தனை வயதிலும், கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.