எறும்புக்குள் மிலுங்கா

மிலுங்காவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் வுகாஷின் மீதுதான் கோபம் வருகிறது. வரட்டும். கோபத்தை இறக்கி வைத்துவிட்டு எழுதினால் அது மிலுங்காவைப் பற்றியதாக இருக்காது. அவளே பாதி கோபத்தால் ஆனவள்.

நீஷ் நகரத்தில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் விற்பது ஒரே ஒரு பொருள்: எறும்பு. மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் செயலி. இன்றைக்கு என்ன வேலை, யார் வரப்போகிறார்கள், எதை மறந்தோம் என்று ஒரே திரையில் அடுக்கிக் காட்டும். மூலையில் ஒரு குட்டி எறும்பு உட்கார்ந்திருக்கும். வேலை ஒன்று முடிந்தால் ஒரு கோதுமை மணியைத் தூக்கிக்கொண்டு போகும். மாட்டு வைத்தியர்கள், தையல்காரிகள், தேனீ வளர்ப்பவர்கள் என்று பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத சனங்கள்தான் வாங்குவார்கள். செயலியை எழுதியவன் வுகாஷின். நான் நேடா, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று குத்திப் பார்ப்பது என் வேலை. வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் போடுவது மிலுங்கா.

அவள் இதற்கெல்லாம் படித்தவள் இல்லை. துணி ஆலையில் தறி ஓட்டினாள். ஆலையை மூடினார்கள். புருஷன் லாரி ஓட்ட ஜெர்மனிக்குப் போனான்; போனவன் போனவன்தான். இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வந்தாள். ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது டெலிபோன் அடித்தது. எடுத்து, மறுமுனையில் கத்திய பல் டாக்டரை அதைவிடப் பலமாகக் கத்தி அடக்கி, கடைசியில் அவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள். வுகாஷின் அன்றைக்கே துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் கொடுத்தான். அந்த ஒரு நல்ல காரியத்தை அவன் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும், எனக்கு இஷ்டம் இல்லாவிட்டாலும்.

அவள் எழுதும் பதில்களைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். "பிளக்கைப் பிடுங்கிட்டு எறும்பைக் காணோம்னா அது என்ன மந்திரவாதியா? மறுபடி மாட்டு. மாட்டிட்டுக் காப்பி குடி. வந்துடும்" என்று எழுதுவாள். யாராவது ஆற்றாமையைக் கொட்டினால் தன் ஆற்றாமையையும் கொட்டுவாள். யாரிடம் என்ன சொன்னோம் என்ற கணக்கெல்லாம் அவளிடம் கிடையாது. திட்டு வாங்கியவர்கள் மறுவாரம் வேண்டுமென்றே ஒரு சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டு மறுபடி எழுதுவார்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் எல்லாப் பதிலின் அடியிலும் ஒரு வரி சேர்ந்துகொள்ளும்: "லூக்கா நாளுக்கு வந்துடு. சர்மா இருக்கும்."

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு. கடைக்கும் கம்பெனிக்கும்கூட உண்டு. அவருடைய நாள்தான் ஸ்லாவா. அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைத் திறந்து வைக்க வேண்டும். யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை, நினைவிருப்பவர்கள் வருவார்கள். வந்தவர் முதலில் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை வாயில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் விருந்தாளி. பகையாளியாக இருந்தாலும் வீட்டுக்காரர் அவரிடம் குரலை உயர்த்தக் கூடாது. எங்கள் கம்பெனியின் புனிதர் லூக்கா. அந்த நாளுக்குக் கோதுமை வேகவைப்பதும், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டிச் சர்மா அடுக்குவதும் மிலுங்காதான். அவளுடைய வரியை நம்பி ஆண்டுதோறும் நாலைந்து பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

போன செப்டம்பரில் வுகாஷின் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தான். பணம் போட வந்திருந்த ஹாலந்துக்காரர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். சுவரில் பெரிதாக விழுந்தது: 'எறும்பு – புதிய வசதிகளும் வருங்காலத் திட்டங்களும்'. கண்ணை உறுத்தாத கறுப்புத் திரை. இரண்டு பேர் ஒரே நாட்காட்டியைப் பார்க்கும் வசதி. அடுத்த ஆண்டு டேப்லெட்டில் எறும்பு. எல்லாம் சரி, கைதட்டினோம். கடைசிப் படம் விழுந்தது. அதில் மிலுங்காவின் முகம்.

சுருக்கத்தை எல்லாம் இஸ்திரி போட்டு எடுத்துவிட்டிருந்தார்கள். விரலிடுக்கில் சிகரெட் இல்லை. கீழே எழுதியிருந்தது: 'மிலுங்காவைக் கேளுங்கள். எப்போதும் விழித்திருப்பாள்.'

வுகாஷின் விளக்கினான். இத்தனை காலம் அவள் எழுதிய பதில்களை எல்லாம் இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்திருக்கிறான். இனி யார் எதைக் கேட்டாலும் அதுவே பதில் சொல்லும், அவள் மாதிரியே.

"அப்ப நான் எதுக்கு?" என்று மிலுங்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"அக்கா, இது உங்களுக்கு நாங்க செய்ற மரியாதை. நீங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம். இந்த மாசத்தோட…"

"செத்தவங்களுக்குத்தான்டா படம் மாட்டி மரியாதை செய்வாங்க. நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க எழுதினது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்க்கா. சட்டப்படி…"

"எழுதினத வச்சுக்கோ. ஊறுகாய் போட்டுக்கோ. எம்பேரை எடு. எம்மூஞ்சியை எடு."

"ஜனங்களுக்கு அந்தப் பேர்தான்க்கா பழக்கம். பேரை எடுத்துட்டா அதுல என்ன இருக்கு?"

உண்மையை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், அது அவனுக்கே தெரியவில்லை. ஹாலந்துக்காரர் ஒன்றும் புரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மிலுங்கா எழுந்து, மேசை இழுப்பறையில் இருந்த தன் காப்பிக் கிண்டியை எடுத்துப் பையில் போட்டாள். வாசலில் நின்று திரும்பினாள். "எம்பேரை எடுக்கிற வரைக்கும் உன்னை விடமாட்டேன்டா வுகாஷின்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மற்றவர்கள் குனிந்து தங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் புதிய எறும்பு வெளியே போனது. பொத்தானை அழுத்தினால் இஸ்திரி போட்ட மிலுங்கா வந்து பேசினாள். "மாட்டிட்டுக் காப்பி குடி" என்று அச்சு அசலாக அவளைப் போலவே சொன்னாள். ஜனங்கள் மயங்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். வுகாஷின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். சரி பார்க்க வேண்டியவள் நான். எனக்கோ அதைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வந்தது. கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

லூக்கா நாள் வந்தது. இந்த முறை சர்மா இல்லை. ஓட்டலிலிருந்து கட்டைவிரல் அளவுப் பலகாரங்களைத் தட்டுத் தட்டாக இறக்கியிருந்தார்கள், ஹாலந்துக்காரருக்காக. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டிவிட்டுப் போனார். மெழுகுவர்த்தி எரிந்தது. பன்னிரண்டு மணிவாக்கில் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் பீரோட் ஊரிலிருந்து ஒரு மாட்டு வைத்தியர், கையில் பாலாடைக்கட்டி. பின்னால் தேனோடு ஒரு தம்பதி. பின்னால் லெஸ்கோவாட்ஸிலிருந்து ஒரு வேன் நிறைய முடிதிருத்துகிறவர்கள். அதற்குப் பின்னால் வரிசை. படிக்கட்டு நிறைந்து, டயர் கடை வாசல் நிறைந்து, தெருவுக்கு நீண்டது. எல்லோரும் நல்ல உடுப்பு, எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று. எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "மிலுங்கா எங்க?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஓடிப்போய் இயந்திரத்தின் பதில்களைத் திறந்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் இருந்தது. கறுப்புத் திரையைப் பற்றிக் கேட்டவனுக்கு, அச்சுப்பொறியைப் பற்றிக் கேட்டவளுக்கு, சும்மா வணக்கம் சொன்னவனுக்கு: "லூக்கா நாளுக்கு வந்துடு. சர்மா இருக்கும்." அவள் எழுதிய பழைய அக்டோபர் பதில்களில் எல்லாம் அந்த வரி இருந்ததைப் பார்த்து, அக்டோபரில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அது கற்றுக்கொண்டிருந்தது. நாலைந்து பேருக்குச் சொல்லும் வரி ஊர் முழுக்கப் போயிருந்தது. சிரிப்பு வந்தது எனக்கு. மறைக்கவும் இல்லை.

ஹாலந்துக்காரர் பூரித்துப்போய் எல்லோரோடும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார். வுகாஷின் வியர்த்து வழிந்தான். பலகாரம் தீர்ந்துவிட்டது. கோதுமை தீரப் போகிறது. ஸ்லாவா அன்றைக்கு ஒருவனையும் 'போய் வா' என்று சொல்ல முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நேடா, அக்காவைக் கூப்பிடு. நீ கூப்பிட்டா வருவாங்க."

போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு கூப்பிட்டா அவங்களை?"

"அது… உள்ள இருக்கிற மிலுங்கா."

"அப்ப அவளையே பரிமாறச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மாட்டு வைத்தியர் என் போனைப் பிடுங்கி மறுபடி போட்டார். "அக்கா, பனியில வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். உன் வாயால ஒரு திட்டு வாங்காம போகமாட்டேன்." இதற்கு அவள் என்ன சொன்னாளோ தெரியாது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்க் கோதுமைக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, வுகாஷினைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவன் தலையைக் குனிந்து "வாங்கக்கா" என்றான். வேறு என்ன சொல்ல முடியும் அவனால்?

கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. அவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கறுப்பு உடை. வ்ரான்யே ஊரில் கல்யாண உடுப்புத் தைக்கும் ஸ்தானா என்று சொல்லிக்கொண்டாள். மிலுங்காவைக் கட்டிப்பிடித்தாள், விடவே இல்லை.

"நீங்க போன வாரம் எழுதினீங்களே, அதைப் படிச்சுட்டுத்தான்க்கா அன்னிக்கி எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சேன்."

"நான் என்னம்மா எழுதினேன்?"

"எங்க வீட்டுக்காரர் போயிட்டார்னு சொன்னேன். அவர் பேர்ல இருக்கிற வேலையை எல்லாம் எறும்புல இருந்து எப்படி எடுக்கிறதுன்னு கேட்டேன். 'இப்ப எடுக்காதே. அவன் தட்டை நான் ஒரு வருஷம் மேஜையிலேயே வச்சிருந்தேன். ஒருநாள் கையே தானா எடுத்துச்சு'ன்னு எழுதினீங்க."

மிலுங்காவின் முகம் வெளுத்தது. அந்தத் தட்டு உண்மை. எப்போதோ, யாரோ ஒருத்திக்கு அவள் எழுதியது. ஜெர்மனிக்குப் போனவனின் தட்டு. தன் பெண்களிடம்கூட அதை அவள் சொன்னதில்லை.

"நான் எழுதலம்மா" என்றாள். "நான் இங்க வேலையில இல்ல. அது மெஷின்."

ஸ்தானா புரியாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அது புரிகிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் வுகாஷினை மன்னிக்க மாட்டார்கள். நான் மன்னிக்கவில்லை.

"அப்ப நான் யார்கிட்ட அழுதேன்?" என்று அவனைக் கேட்டாள்.

வுகாஷின் வாயைத் திறந்தான். பதில்கள், மாதிரிகள், சட்டம் என்று ஏதோ தொடங்கினான். மிலுங்கா அவன் பக்கத்தில் போய் நின்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம் என்று அவனுக்கே இருந்திருக்கும்.

"என் தட்டை எடுத்து அவளுக்குப் பரிமாறியிருக்கியேடா. எம்பேரை எடுக்கிறேன்னு மெழுகுவர்த்தி முன்னால சொல்லு. இத்தனை விருந்தாளிங்க கேக்கச் சொல்லு."

அறை முழுக்க அவனைப் பார்த்தது. ஹாலந்துக்காரர்கூடச் செல்போனைத் தாழ்த்திவிட்டார். "எடுத்துடறேன்க்கா" என்றான்.

அதன் பிறகுதான் கோட்டைக் கழற்றினாள். முடிதிருத்துகிறவர்களை முட்டைக்கோஸ் வாங்க அனுப்பினாள், தேன்காரரை இறைச்சிக்கு அனுப்பினாள், பாலாடைக்கட்டியை வெட்டிப் பசியோடு நின்றவர்களுக்குக் கொடுத்தாள். டயர் கடைக்காரர் அடுப்பு கொடுத்தார். மாட்டு வைத்தியருக்கு அவர் ஆசைப்பட்ட திட்டு கிடைத்தது. இருட்டுவதற்குள் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஸ்தானாவுக்கு மட்டும் ஒரு கவளம் இறங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வுகாஷின் சொன்னதைச் செய்தான். நவம்பரில் அடுத்த எறும்பு வந்தது. வழக்கம்போல என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் புதிய வசதிகள், வருங்காலத் திட்டங்கள். அடியில் பொடி எழுத்தில் 'சிறு திருத்தங்கள்': அச்சில் ஓரம் வெட்டுப்படுவது சரிசெய்யப்பட்டது. மிலுங்கா நீக்கப்பட்டது. எறும்பு திரைக்கு வெளியே போவது சரிசெய்யப்பட்டது.

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் நின்று சிகரெட்டோடு கேட்டாள். வெடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஸ்தானாகிட்ட யாராவது பேசினீங்களாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப என்னத்தைத் திருத்தினீங்க?"

எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. சிகரெட்டை அணைத்தாள். ஒரு தட்டை எடுத்துச் சர்மாவை அடுக்கி, துணியால் மூடி முடிச்சுப் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா?"

"வ்ரான்யேவுக்கு" என்றாள். "அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்."