தோற்ற ராஜாவுக்கு ஆள் தேவை

சோழர்களைப் பார்க்க துபாயிலிருந்து ராஸ் அல் கைமாவுக்குப் போய்வந்தேன் என்றால் சிரிக்காதீர்கள். 2009 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அது. முந்தைய வாரம் மீனா பஜாரில் ஜிகினாத் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த முருகேசனிடம் வாய் கொடுத்ததன் பலன். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர், சிமென்ட் ஆலையில் ஃபிட்டர். சோழர்கள் எழுந்ததையும் விழுந்ததையும் ஆலைத் தொழிலாளர் கேம்ப்பில் நாடகமாகப் போடுகிறோம், அவசியம் வரணும் என்றார். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பர் துபாயில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை ஏற்கெனவே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் விசாவைப் புதுப்பிப்பார்களா என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு.

காலை ஒன்பதுக்குப் படகில் க்ரீக் கழிமுகத்தைக் கடந்தேன், ஒரு திர்ஹாம். அக்கரையில் தேராவிலிருந்து மினி பஸ், இருபத்தைந்து திர்ஹாம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஆலைக்கு டாக்ஸி, முப்பது. பெஷாவர்க்கார டிரைவர் என்ன விசேஷம் என்று கேட்டார். ராஜா நாடகம் என்றேன். கண்ணாடியில் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, ராஜா நீங்கள்தானா பாய் என்றார். மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு.

மூன்று மணிக்கு நாடகம். இரண்டரைக்கு மெஸ் ஹாலில் ஒரே கலவரம். அட்டைக் கிரீடத்தோடு ராஜராஜன் தயார், ராஜேந்திரனும் தயார். பாண்டியனிடம் நாட்டைத் தோற்கும் கடைசி ராஜாதான் இல்லை. அந்த வேஷத்துக்கு ஒத்துக்கொண்ட கிரேன் ஆபரேட்டர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கேம்ப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதாம். விசா பேப்பர் ஆபீஸில் இருக்கும்போது தோற்கிற வேஷம் கட்டக்கூடாது, கட்டினால் கேன்சல். அங்கே யார் பேப்பர்தான் ஆபீஸில் இல்லை?

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வேஷத்துக்கும் விசாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

முருகேசன் அமைதியாகச் சொன்னார். "அப்ப நீங்க கட்டுங்க சார்."

தண்ணீர் குடித்தேன். இதெல்லாம் மூடத்தனம் என்று இருபது வருஷமாகப் பேசியவன்தான் நான். பயந்தேன் என்பதுதான் உண்மை. நூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மானம் பெரிதாகப் பட்டது. கட்டினேன். ஷூ பாலிஷில் மீசை வரைந்தார்கள்.

நானூறு வருஷத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தோம். தஞ்சையைப் பிடித்தார்கள், கோயில் எழுப்பினார்கள், கங்கைக்குப் போய்வந்தார்கள், கடல் தாண்டினார்கள். கடைசியில் நான் வந்து தோற்றேன். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முருகேசன் எழுதிய ஒரே வசனத்தைச் சொல்ல வேண்டும்.

"ராஜ்ஜியம் போச்சு. பாட்டன் வெட்டுன ஏரி கெடக்கு. மதகைத் தெறந்து விடுங்கய்யா, நடவு நேரம்."

ஹாலில் விசில் பறந்தது. அந்த ஏரித் தண்ணீரில்தான் இன்றும் முருகேசன் வீட்டு ஒன்றரை ஏக்கர் விளைகிறதாம்.

போக நினைப்பவர்களுக்கு: தொழுகை நேரத்தில் மினி பஸ் குறைவு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். திரும்ப ஷேர் டாக்ஸிதான், ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பத்தாக்கா என்கிற அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வேஷம் கட்டுவதாக இருந்தால் தேங்காய் எண்ணெய் அவசியம், ஷூ பாலிஷ் சோப்புக்கு மசியாது. ஞாயிறு காலை அரை மீசையோடுதான் மேனேஜர் முன்னால் நின்றேன். சம்பளத்தில் கொஞ்சம் வெட்டு, ஆனால் மூன்று வருஷத்துக்கு விசா.

சேதி கேம்ப்புக்கு எப்படிப் போனதோ, நேற்று முருகேசன் போன் பண்ணினார். "மறுபடி போடுறோம் சார். ராஜராஜனுக்கு ஆளே இல்ல. கடைசி ராஜாவுக்குப் பதினோரு பேர் பேரு குடுத்துட்டாங்க, கிரேன்காரருதான் மொதல்ல."

மூடத்தனம் என்று பத்து நிமிஷம் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து மார்ச்சில் அந்த வேஷத்தை எனக்கு ஒதுக்கி வைக்கச் சொன்னேன்.