ஏழுமலை கிறிஸ்தவர், ஸ்டெல்லா இந்து

1. இரண்டு காகிதம்

ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். பஸ் இல்லை, தபால் இல்லை, கச்சிராயபாளையத்துக் கரும்பு வண்டியெல்லாம் நின்ற இடத்தில் நின்று காய்ந்தது. எங்கள் ஆபீசுக்கு மட்டும் லீவு கிடையாது. தாசில்தார் ஆபீசுக்குப் பின்னாலேயே குடியிருந்தார், என்ன செய்வது.

நான் அப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் பத்திருபது கிராமம் சேர்ந்த ஒரு பிர்காவுக்கு ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஜாதிச் சான்றிதழ் கேட்டு மனு வந்தால் கிராமத்துக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதணும். அதைப் பார்த்துத்தான் மேலே கையெழுத்துப் போடுவார்கள். அந்த வருஷங்களில் மனு குவியல் குவியலாக வந்தது. எல்லா ஜாதியிலும்தான் சொல்கிறேன், யாரும் கோவித்துக்கொள்ள வேண்டாம். நேற்று வரைக்கும் எங்க தாத்தா யானை கட்டித் தீனி போட்டவரு என்று மீசையை முறுக்கினவர், இன்று நாங்க ரொம்பப் பின்தங்கினவங்க சார் என்று வரிசையில் நின்றார். பின்தங்கினதும் நிஜம், யானையும் நிஜம், எழுதிக்கொள் என்பார்கள்.

அன்றைக்குத் தாசில்தார் என் முன்னால் இரண்டு காகிதத்தைப் போட்டார். புதுசாக மாற்றலாகி வந்தவர். பழைய பைலைத் தூசி தட்டிப் படிக்கிற வியாதி உள்ளவர்.

"யோவ் ஆர்.ஐ., சத்தமா படி."

படித்தேன். ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐ.டி.ஐ. சேர்க்கைக்காக நான் எழுதின ரிப்போர்ட். ஏழுமலை, தகப்பனார் பெயர் முனுசாமி, மதம் கிறிஸ்தவம். இன்னொன்று புது மனு. ஸ்டெல்லா, தகப்பனார் அதே முனுசாமி, இந்து ஆதிதிராவிடர்.

"ஏழுமலைன்னு பேரு வெச்சவன் கிறிஸ்டியன். ஸ்டெல்லான்னு பேரு வெச்சவ இந்து. ஒரே வூட்ல. இன்னாயா ஆபீசு நடத்தறீங்க?"

பழைய ரிப்போர்ட்டின் அடியில் இருந்த என் கையெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. இந்து ஆதிதிராவிடர் என்றால் எஸ்.சி. அதே ஆள் கிறிஸ்தவர் என்றால் பி.சி. சர்ச் படி ஒன்று ஏறினால் போதும், பரம்பரையாக ஒட்டியிருந்த தீண்டாமை எல்லாம் உதிர்ந்துபோய்விடும் என்பது சர்க்காரின் நம்பிக்கை. ஸ்டெல்லா பிளஸ் டூ பாஸ். டீச்சர் டிரெய்னிங் சீட்டுக்கு எட்டு நாளில் கடலூரில் இன்டர்வியூ. எஸ்.சி. சான்றிதழ் இருந்தால் அவள் மார்க்குக்கு சீட்டு உண்டு. இல்லாவிட்டால் அண்ணனோடு கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான்.

"நேர்ல போ. கோவில்ல இருந்து எங்க ஆளுதான்னு லெட்டரு. சர்ச்சுல இருந்து எங்க ஆளு இல்லன்னு லெட்டரு. இருக்கற எல்லா மதத்துலயும் கேட்டுட்டு வா. அப்பறம் பாக்கலாம்" என்றார் தாசில்தார்.

2. டீக்கடை பெஞ்சு

அந்தப் பழைய ரிப்போர்ட்டில் "நேரில் சென்று விசாரித்ததில்" என்று ஆரம்பித்திருந்தேன். எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான் ஆரம்பிக்கும். நான் நேரில் சென்றது டீக்கடை வரைக்கும். பக்கத்தில் வி.ஏ.ஓ. உட்கார்ந்து மசால் வடை தின்றுகொண்டிருந்தார். முனுசாமி வீடு எப்படி என்று கேட்டேன். "காலனில சார். வெளிய மாதா காலண்டரு மாட்டிக்கினு கிறாங்க. கிறிஸ்டியனாத்தான் இருக்கும்" என்றார். இரண்டாவது வடை வருவதற்குள் ரிப்போர்ட்டை முடித்துவிட்டேன். காலனிக்குள் போனால் திரும்பி வர அரை மணி ஆகும், வெயில் வேறு.

அந்த ஒரு வரியால் ஐ.டி.ஐ.யில் ஏழுமலைக்குக் கொடுத்த பிட்டர் சீட்டைப் பதினைந்தாம் நாள் பிடுங்கிக்கொண்டார்கள். அது எனக்குத் தெரிந்தபோது ஐயோ பாவம் என்று நினைத்துவிட்டு அடுத்த பைலை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இப்போது ஸ்டெல்லா இந்து என்று எழுதினால் முதல் ரிப்போர்ட் பொய் என்றாகும். சார்ஜ் மெமோ வரும். முந்தின ரிப்போர்ட்டுக்கும் மோசமில்லாமல், இந்தப் பெண்ணுக்கும் மோசமில்லாமல் எந்த சாமியாவது ஒரு லெட்டர் கொடுக்காதா என்று சைக்கிளை எடுத்தேன்.

3. நாலு வாசல்

வழியில் மரம் போட்டு மறித்திருந்த பையன்கள் நிறுத்தினார்கள். ஜாதிச் சான்றிதழ் விசாரணைக்குப் போகிறேன் என்றேன். முகமெல்லாம் மாறிவிட்டது. "அதுக்காகத்தான் சார் இத்தினி பாடும்" என்று சொல்லி என் சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள். அப்படியே எங்களுதும் நாலு மனு கெடப்புல இருக்குது, கொஞ்சம் பாருங்க என்றார்கள். என் சர்வீசில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்த வாரம் மட்டும்தான்.

முதலில் ஊர்ப் பெரிய கோவில். ஊர் பேர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் உறவு இருக்கிறது. தர்மகர்த்தா நல்ல மனுஷர், மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவங்க கோவிலுக்கு வர்றதேயில்லீங்களே. வராதவங்கள எங்க ஆளுன்னு நான் எப்பிடி எழுதறது?"

"ஏன் வர்றதில்ல?"

"அது அவங்க இஷ்டம். நாங்க யாரையும் தடுக்கலீங்க. அவங்களா எல்ல தெரிஞ்சு நின்னுக்குவாங்க."

"தேருக்கு அவங்க மேளம் அடிக்கறாங்களே?"

"மேளம் உள்ள கேக்குங்க. ஆளு வெளியதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. எத்தனையோ தலைமுறையாக வெளியே நிறுத்தினவர்களிடம், இவங்க உள்ளே இருக்கறவங்கதான் என்று எழுதி வாங்கி வரச் சொன்னது எங்கள் ஆபீஸ். அவரைத் திட்டுவதா எங்களைத் திட்டுவதா என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்தது சர்ச். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து முப்பது வருஷம் புரட்டினார். முனுசாமி வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஸ்டெல்லா என்பது மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த சிஸ்டர் பெயர், நன்றிக்கு வைத்ததாக இருக்கும் என்றார். அப்பாடா என்று, எங்க ஆளு இல்லன்னு எழுதிக் கொடுங்க பாதர் என்றேன்.

"அதெப்பிடிங்க எழுதறது? நாளைக்கு அவங்க மனசு மாறி வந்தா? ஆண்டவர் வூட்டுக் கதவு எல்லாருக்கும் தெறந்துதானே இருக்குது."

சாமியாருக்கு உதவியாகக் கூட நின்ற உபதேசியார் என்னை வழியனுப்ப வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வலப்பக்கம் பெஞ்சு, இடப்பக்கம் பாய். அவங்க வந்தா எங்க உக்காருவாங்க என்று கேட்டேன். "இடப்பக்கந்தாங்க, வழக்கப்படி" என்றார். பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் ஒரு சுவர். செத்த பிறகும் யாரும் பக்கம் மாறிப் படுத்துவிடக் கூடாது என்று நல்ல உயரமாகவே கட்டியிருந்தார்கள்.

மசூதியை நிர்வகிக்கிற முத்தவல்லி சைக்கிள் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஜமாத்துல இல்லன்னுதானே எழுதணும்? இந்த ஜில்லா பூரா எழுதித் தர்றேன் சார், காயிதம் மட்டும் நீங்க குடுங்க." கிரீஸ் கையோடு எழுதி சீல் குத்திக் கொடுத்தார். என் டியூபுக்கு பஞ்சரும் ஒட்டினார். எங்கள்ல ஏத்தத் தாழ்வே கெடையாது சார் என்றார். அடுத்த மூச்சில், தன் பெண்ணுக்கு எந்தெந்தத் தெருவில் மாப்பிள்ளை பார்க்கவே கூடாது என்று ஒரு லிஸ்ட்டும் சொன்னார்.

எல்லா மதமும் என்று தாசில்தார் சொன்னாரே என்று ஒரு சமணக் கோவிலுக்கும் போனேன். அங்கே இருந்த பெரியவர் பதறிவிட்டார். "நாங்களே பத்து வூடு சார். புதுசா ஒருத்தர் சேந்தா எங்களுக்குத் தெரியாமலா போயிடும்?" அவரும் எழுதிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு வரம் கொடுத்த இரண்டு பேரும், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு மதத்துக்காரர்கள்.

4. ஐந்தாவது வாசல்

ஐந்து நாள் ஓடிவிட்டது. ஆறாம் நாள் காலை ஆபீஸ் படியில் ஸ்டெல்லா நின்றாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின ஜடையோடு. கையில் மார்க் ஷீட் உறை.

"நாலு சாமி வூட்டுக்கும் போனீங்களாமே சார்" என்றாள்.

"ஆமாம்மா. ஒனக்காகத்தான்."

"எங்க வூட்டுக்கு எப்ப சார் வருவீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எப்போது என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்கு ஓங்கி ஒரு அறை விட்டதுபோல் இருந்தது. அவள் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் மாதா காலண்டர் தொங்கியது. ஸ்டெல்லா பிறந்த அதே மிஷன் ஆஸ்பத்திரி இன்னும் வருஷா வருஷம் கொடுக்கிறதாம். "தேதி பாக்கத்தான் சார்" என்றாள் அவள் அம்மா. உள்ளே மாரியம்மன் படம், அதற்குக் கீழே மஞ்சள் பூசின ஒரு செங்கல், விளக்கு. அவ்வளவுதான். முனுசாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். நான் உட்காரமாட்டேன் என்று நினைத்து அவரும் நின்றார். நான் உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்.

"எந்தக் கோவிலுக்குப் போவீங்க?"

"நம்ப காலனி மாரியாத்தா கோவிலுதாங்க. தோ."

கையைக் காட்டினார். வீட்டிலிருந்து பத்தடி. ஓடு போட்ட சின்னக் கோவில், வாசலில் வேப்பமரம், நேற்றுப் போட்ட கோலம். நான் டீக்கடையிலிருந்து எழுந்து காலனித் தெருமுனை வரைக்கும் நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எங்கள் ஆபீஸ் கோவில் லிஸ்ட்டில் அது இல்லை.

"இதுக்குப் பூசாரி யாரு?"

"நாந்தாங்க. எங்கப்பாவுக்கப்பறம் நாந்தான்."

கோவில் பூசாரியின் மூத்த மகனைக் கிறிஸ்தவன் என்று நான் எழுதியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அப்பன் மகளுக்கு எழுதுகிற லெட்டர் ஆபீசில் செல்லாது. வேறு வழியே இல்லை. அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். நான்காவதில், "முந்தைய அறிக்கை நேரில் செல்லாமல் எழுதப்பட்டது. இக்குடும்பம் இந்து ஆதிதிராவிடர். தவறு என்னுடையது" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

தாசில்தார் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், இத உள்ள வெச்சா ஒனக்கு மெமோ குடுக்காம என்னால இருக்க முடியாது. புள்ளகுட்டிக்காரன், யோசிச்சிக்கோ."

"யோசிச்சிட்டேன் சார். இன்டர்வியூவுக்கு ரெண்டு நாள்தான் இருக்குது."

சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மெமோவிலும் போட்டார். இரண்டுக்கும் ஒரே பேனா.

5. ஏழுமலை கேட்டது

ஸ்டெல்லாவுக்கு சீட்டு கிடைத்தது. எனக்கு இன்கிரிமென்ட் கட்டாகி, கல்வராயன் மலைக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே ஒவ்வொரு மனுவுக்கும் மைல் கணக்கில் நடந்து வீட்டுக்கே போய் விசாரித்தேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள், நான் போன ஊர்களில் டீக்கடை கிடையாது.

புதுசாக ஆர்.ஐ. ஆகிற பிள்ளைகள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளணும் என்று கேட்கிறார்கள். சான்றிதழ் வாங்க ஏழுமலை வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் இன்னும் ஓடவில்லை. தங்கச்சியை சைக்கிளில் வைத்தே கடலூர் கொண்டுபோகிறேன் என்று வந்திருந்தான். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு. சான்றிதழை மடிக்காமல் வாங்கிப் பையில் வைத்தான். போகாமல் நின்றான்.

"என்துல தப்பா எழுதிட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களாமே சார். அதுல ஒரு காப்பி கெடைக்குமா?"

"அத வெச்சி ஐ.டி.ஐ.ல இப்ப சேக்க மாட்டாங்கப்பா. வயசு தாண்டிடுச்சி."

"சீட்டுக்கு இல்ல சார். எங்கப்பாகிட்ட படிச்சிக் காட்டணும்."

எனக்குப் புரியவில்லை.

"சர்ட்டிபிகேட்டுல கிறிஸ்டியன்னு போட்டிருக்குன்னு அப்பவே சொன்னேன் சார். கவர்மெண்ட்டு ஆபீசரு வெசாரிக்காம சீல் குத்துவாராடா, நீதான் டவுனுக்குப் போய் எங்களுக்குத் தெரியாம சர்ச்சுல சேந்துட்டடான்னாரு எங்கப்பா. ரெண்டு வருசமா என்ன எங்க கோவில் உள்ள உடறதில்ல. வெளக்கு ஏத்தறப்ப நான் வேப்பமரத்தாண்ட நின்னுக்குவேன்."

ஆபீஸ் காகிதத்தை வெளியே கொடுக்க ரூலில் இடமில்லை. என் கையாலேயே ஒரு காப்பி எழுதி, சீலும் குத்திக் கொடுத்தேன். சீல் இருந்தால்தான் முனுசாமி நம்புவார்.

தர்மகர்த்தாவையும் உபதேசியாரையும் இத்தனை நேரம் நக்கல் பண்ணினேன் அல்லவா. ஒரு ஆளை வெளியே நிறுத்த அவர்களுக்குக் கோபுரமும் சுவரும் பல தலைமுறை வழக்கமும் தேவைப்பட்டது. நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில், ஒரு பிள்ளையை அவன் அப்பன் கோவிலுக்கே வெளியே நிறுத்தியிருந்தேன்.