உடுப்பு மாத்த விடாத பிள்ளை

எங்க தோட்டத்து ஆயாக் கொட்டகையில பதினோரு வருஷம் பிள்ளை பார்த்தவ நான். மலேசியாவுல பகாவ் பக்கம், செம்பனைத் தோட்டம். பழம் வெட்டப் போறவங்களும் உரம் போடப் போறவங்களும் விடிஞ்சும் விடியாததுமா பிள்ளைகளைக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. தமிழ்ப் பிள்ளையோ இந்தோனேசியாக்காரங்க பிள்ளையோ, டயப்பர் மாத்த எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஒரு கையால ரெண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடிச்சு இடுப்பைத் தூக்குவேன். பழசை உருவித் துடைச்சு, புதுசை மாட்டி விட்டுருவேன். அடம் பிடிக்கிற பிள்ளைன்னா பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கணும், அவ்வளவுதான். "இந்த ஆயாகிட்ட எந்தப் பிள்ளையும் வாலாட்டாது லா"ன்னு எங்க வேலையை மேற்பார்க்கிற மண்டோரோட பொண்டாட்டி சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பெருமையில மண்ணு விழ.

எனக்குன்னு பொறந்தவ, எட்டு மாசத்துல என்னை ஆட்டி வெச்சா. குளிப்பாட்டும்போது சிரிப்பா. தூக்கிக்கிட்டா விளையாடுவா. டயப்பரைக் கையில எடுத்துட்டு பாயில போட்டா மட்டும் மூஞ்சி மாறிடும். ஒரே அலறல். முதுகை வளைச்சு, உருண்டு, அம்மணமாவே தவழ்ந்து ஓடிருவா. கால்சட்டையில காலை விடப் போனா இன்னும் மோசம். பாட்டுப் பாடினேன், ஹேன்போன்ல படம் போட்டுக் காட்டினேன், கையில கரண்டியைக் குடுத்துப் பார்த்தேன். ஒண்ணுக்கும் மசியல.

என் வீட்டுக்காரர் பழ லோரி ஓட்டுறவர். அவர் மாத்தினா அவ்வளவு அழ மாட்டா. அவருக்கு என்னை மாதிரி காலைச் சேர்த்துப் பிடிக்கத் தெரியாது. ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டு, முதுகைத் தட்டிக்கிட்டே கோணல்மாணலா ஒட்டி விடுவார். ஒழுகும். நான் வந்து திரும்பவும் அவிழ்த்து ஒழுங்கா மாட்டுவேன். "நீங்க குடுக்கிற செல்லத்துலதான் இது இப்படி ஆடுது"ன்னு கத்துவேன். "விடு புள்ள, ஏதோ வலிக்குது போல"ன்னு அவர் ஒருநாள் சொன்னார். "லோரி ஓட்டுறவருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமாக்கும்"ன்னு வாயை அடைச்சேன்.

அவளுக்கு முன்னால எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை இருந்தான். நாலாம் மாசம் காய்ச்சல்ல போயிட்டான். அதனால இவளுக்கு முப்பதாம் நாள் தோட்டத்து முனியாண்டி கோயில்ல பூசாரி வலது கால்ல கறுப்புக் கயிறு மந்திரிச்சுக் கட்டினார். கத்தி படக்கூடாது, கத்திரிக்கோல் படக்கூடாது, கயிறு தானா அறுந்து விழணும், அப்படி விழுந்தா பிள்ளைக்கு வந்த கெடுதல் கயிறோட போச்சுன்னு அர்த்தம்னார். நான் அதைத் தொடவே பயந்தேன்.

பிள்ளை நல்லா கொழுகொழுன்னு வளர்ந்தா. தொடையிலயும் கணுக்கால்லயும் மடிப்பு மடிப்பா சதை. ஆறாம் மாசம் ஒருநாள் குளிப்பாட்டிட்டுத் துடைக்கிறேன், கால்ல கயிறு இல்ல. "ஏங்க, கயிறு விழுந்துருச்சுங்க!"ன்னு கத்தினேன். ரெண்டு பேரும் குளியலறையில தேடினோம். கிடைக்கல. தண்ணியோட கால்வாயில போயிருக்கும்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல பொங்கல் வெச்சு லயத்து வீடு எல்லாத்துக்கும் குடுத்தேன். இவ தங்கிடுவா, இவ நமக்குத்தான்னு சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஒன்பதாம் மாச ஊசிக்கு பகாவ் கிளினிக்குக்குப் போகணும். அன்னிக்குக் காலையில புது கவுன், வெள்ளை காலுறை, எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். அவ போட விடல. பஸ்ஸுக்கு நேரமாச்சு. காலைப் பிடிச்சு இழுத்தேன். அவ உதைச்ச உதையில டயப்பர்ல இருந்ததெல்லாம் என் சேலையில. தொடையில ஒண்ணு வெச்சேன். அஞ்சு விரலும் பதிஞ்சுது. அவளுக்கு மூச்சு அடைச்சு, பிறகுதான் அழுகை வந்துச்சு. "அழு, நல்லா அழு"ன்னேன். சொன்னேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது?

கிளினிக்கில எடை பார்க்க உடுப்பைக் கழட்டச் சொன்னாங்க. பிள்ளை வீறிட்டா. பழக்கத்துல நான் ரெண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடிச்சேன். மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி சட்டுன்னு என் கையைத் தட்டிவிட்டு, "அங்க பிடிக்காதே"ன்னு மலாய்ல சொன்னாங்க. காலுறையை மெதுவா உருவினாங்க. வலது கணுக்கால் மடிப்பை ரெண்டு விரலால விரிச்சாங்க. உள்ள சுத்திவர சிவப்பா ஒரு கோடு, ஈரமா. ஒரு இடத்துல கறுப்பா ஒரு முடிச்சு எட்டிப் பார்த்துச்சு.

கயிறு எங்கேயும் விழல. பிள்ளை வளர வளர அது சதைக்குள்ள இறங்கி, மேல தோல் மூடியிருக்கு. வேர்க்குருன்னு நினைச்சு நான் அது மேல பவுடர் போட்டிருக்கேன். தினம் ஆறு தடவை, ஏழு தடவை, சரியா அந்த இடத்துலயே பிடிச்சு இறுக்கியிருக்கேன். மிஸ்ஸி தொடையில இருந்த விரல் தடத்தையும் பார்த்தாங்க. ஒண்ணும் கேட்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாங்க.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து எடுத்தாங்க. டாக்டர் தமிழ்ப் பொண்ணு, என்னைவிட வயசு கம்மி. "அக்கா, எலும்பு வரைக்கும் போயிருக்கு. பாதத்தைத் தூக்குற நரம்பு ஒண்ணு பாதி அறுந்திருந்துச்சு, தைச்சிருக்கோம். கால் தங்கிடும். நடை எப்படின்னு நடக்கும்போதுதான் சொல்ல முடியும்"னாங்க. என் வீட்டுக்காரர் சுவத்துல சாய்ஞ்சு நின்னார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில திட்டினேன், "வலிக்குதுன்னு தெரிஞ்சும் ஏன்யா என்னை விட்டே"ன்னு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு.

மூணு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். அன்னிக்கு மத்தியானம் பாயில படுக்கப் போட்டேன், கால்ல கட்டோட. காலைத் தொடாம பக்கவாட்டுல திருப்பி மாத்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொல்லிக் குடுத்திருந்தாங்க. கத்துவா, உருண்டு ஓடுவா, எப்படியும் சமாளிக்கணும்னு நினைச்சுக்கிட்டே டயப்பரோட கிட்ட போய் உட்கார்ந்தேன்.

அவ அசையல. ரெண்டு கையையும் நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கிட்டு, உடம்பு விறைச்சுக் கிடந்தா. நான் அவிழ்த்தேன், துடைச்சேன், மாட்டினேன். சத்தமே இல்ல. கவுனைப் போட்டேன், கையை வளைச்ச பக்கமெல்லாம் வளைய விட்டா.

"அழுடி கண்ணு"ன்னேன். "அம்மாவை உதைடி. உதைச்சுடுடி"ன்னு கெஞ்சினேன். அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, அடுத்து என் கை எங்க வருதுன்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தா.