நாலாம் மாடிக்காரியின் காந்தப் பட்டை

வேலை செய்த தங்கும் விடுதியில் அவளுக்கு ‘நாலாம் மாடி’ என்றுதான் பெயர். அந்த மாடியின் பதினான்கு அறைகளையும் பதினோரு வருடமாக அவள்தான் சுத்தம் செய்து வந்தாள். என் தம்பி மனைவி. தம்பிக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். அதனால் அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் பராமரிப்பு வேலை செய்தவள் நான். இதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. பழைய ஆள்தான் திரும்பி வரவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் பல் தேய்க்கும்போதே கை கனக்கிறது என்பாள். தலைக்குக் குளித்தால், துவட்டத் தெம்பில்லாமல் ஈரத் துண்டோடு அரை மணி கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ரத்தம், தைராய்டு, இரும்புச் சத்து என்று எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

“இது நாள்பட்ட சோர்வும்மா. இதுக்குன்னு மாத்திரை கிடையாது. களைச்சுப் போறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடுங்க” என்றார் டாக்டர்.

அவர் சொன்னது சரி. ஆனால் மதியம் இரண்டு மணிக்குள் பதினான்கு கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, பதினான்கு குளியலறை தேய்க்க வேண்டியவள் எங்கே உட்காருவது?

அதற்குப் பிறகுதான், காந்தம் வைத்து வைத்தியம் பார்க்கும் காந்தக்காரரிடம் போக ஆரம்பித்தாள். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. சுவரில் உள்ளங்கால் படம், அதில் புள்ளி புள்ளியாக ஈரல், நுரையீரல், சிறுநீரகம். மனிதர் நேர்மையானவர், தான் சொல்வதைத் தானே நம்புகிறவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துவார், கால் பெருவிரலுக்குக் கீழே அழுத்துவார். கடைசியில் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். உள்ளே பன்னிரண்டு வட்டக் காந்தங்கள். குளிக்கும்போது தவிர கழற்றக் கூடாது என்பது உத்தரவு.

“ஏதாவது தெரியுதா?” என்று கேட்டேன்.

“இடுப்புல யாரோ கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு அண்ணி.”

அழுத்தினால் வலி கொஞ்சம் குறையும். எங்கள் முதியோர் இல்லத்தில் நானும் செய்திருக்கிறேன். காந்தத்தால் சோர்வு போய் நான் பார்த்ததில்லை. ஆனாலும் தோலைப் புண்ணாக்காத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

பட்டை கட்டிய இரண்டாம் வாரம் கார்டு தொல்லை தொடங்கியது. அந்த மாடிக் கதவுகள் எல்லாவற்றையும் திறக்க அவளிடம் ஒரே கார்டு. ஏழெட்டு அறை முடிவதற்குள் அது செத்துப்போகும். கதவில் சிவப்பு விளக்குதான் எரியும். லிஃப்ட் விருந்தினருக்கு மட்டும் என்பதால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி இறங்கி, வரவேற்பு மேசையில் கார்டைப் புதிதாகப் பதிந்து வாங்கிக்கொண்டு மறுபடி நாலு மாடி ஏற வேண்டும். சில நாள் இரண்டு தடவை.

“என்னக்கா, கார்டை வெத்தலை மாதிரி மென்னுடுறீங்களா?” என்று மேசைக்காரர் சிரிப்பாராம். அவளுக்குச் சிரிக்கவோ கோபப்படவோ தெம்பில்லை. கையை நீட்டியபடி நிற்பாளாம்.

மேற்பார்வையாளர் அம்மாள் சிரிக்கவில்லை. எல்லா அறையும் திறக்கிற கார்டு ஒரே வாரத்தில் ஆறு முறை கெட்டால், யாரோ அதை வாங்கி நகல் எடுக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். திங்கட்கிழமை கடிதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலை போகும், திருட்டுப் பட்டமும் கூடவே வரும்.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. “பயமா இல்லையா?” என்றேன். “பயப்படணும்னு தெரியுது அண்ணி. வர மாட்டேங்குது” என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் சீருடையோடே சோபாவில் சாய்ந்திருந்தாள். சட்டையின் கீழ்ப்பையிலிருந்து கார்டு உறையை எடுத்து வைக்கப் போனேன். வரவில்லை. இழுத்தேன்; டக்கென்று வந்தது. கையை விட்டால் மறுபடி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. உறையின் இரும்புக் கவ்வி பட்டையோடு ஒட்டியிருந்தது.

“கார்டை தினமும் இங்கதான் வைப்பியா?”

“ஆமா. கைக்கு எட்டும்ல.”

“அடிப் பாவி! காந்தத்தோட ஒட்ட வெச்சிருக்கியேடி. பின்னாடி கறுப்புக் கோடு இருக்கே, அதுல பதிஞ்சிருக்கறது எல்லாம் அழிஞ்சு போகாதா? தெம்பு வரும்னு கட்டின பட்டை உன்னை மாடி மாடியா ஏத்தி இறக்கிட்டு இருக்கு.”

எங்கள் இல்லத்துக் கதவுகளுக்கும் இதே கார்டுதான். ஒரு நர்ஸ் அதைக் காந்த மூடி வைத்த கைப்பையில் போட்டு, மாதம் நான்கு தடவை வெளியே மாட்டிக்கொண்டு நிற்பாள். தெரிந்த விஷயம்தான். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

“கழட்டு” என்றேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் அண்ணி. இதையும் கழட்டிட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?”

“வேலை இருக்கு. நாளைக்கு ஒரு நாள் பார்.”

கழற்றினாள். இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு சிவப்பு வட்டங்கள். களிம்பு தடவினேன்.

வியாழக்கிழமை கார்டு சாகவே இல்லை. இரண்டு மணிக்குள் பதின்மூன்று அறை முடித்தாள். அதே களைப்பு, காந்தம் இல்லாததால் கூடவுமில்லை, குறையவுமில்லை.

வெள்ளிக்கிழமை பட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன். மேற்பார்வையாளர் முன்னால் ஒரு கார்டைப் பட்டைமேல் நன்றாகத் தேய்த்து, அவர் அறைக் கதவில் வைத்தோம். சிவப்பு. இன்னொரு கார்டில் அவரே செய்து பார்த்தார். சிவப்பு.

“இடுப்புல காந்தத்தைக் கட்டிக்கிட்டு யாராச்சும் வேலைக்கு வருவாங்களா? சொல்லியிருக்கலாம்ல?”

“எதைச் சொல்லணும்னு தெரியலைங்க” என்றாள் அவள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ஆனால் நேரக் கணக்கு இருந்தது. மூன்று மாதமாக ஒரு நாளும் அவள் இரண்டு மணிக்கு முடித்ததில்லை. மாடி வேலை இனி கிடையாது என்றார். கீழ்த்தளத்தில் துணி அறை, உட்கார்ந்து மடிக்கிற வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு.

வெளியே வந்ததும், “சரிதானே?” என்றேன்.

“தெரியலை அண்ணி. உட்கார்றதுக்கு நாற்காலி இருக்குமா?”

இருந்தது. ஐந்து மாதமாக அங்கேதான் மடிக்கிறாள். இருபது துண்டுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், கேட்கிறாள். சோர்வு போகவில்லை. தலைக்குக் குளித்த பிறகு துவட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான். கீழே இருப்பவளை இன்னும் நாலாம் மாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பட்டை குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் காந்தக்காரரிடம் போகிறாள்.

“இன்னும் எதுக்குடி அங்க?” என்று போன வாரம் கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “அங்க ஒரு கட்டில் இருக்கு அண்ணி. அரை மணி நேரம் யாரும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க.”