ஒரு டீ குடிக்கிற நேரம்

நொடி என்றால் விரலைச் சொடுக்கும் நேரம். நிமிஷம் என்பதும் முதலில் கண்ணிமைக்கும் நேரம்தானாம். கடிகாரம் பிறகு வந்து இரண்டையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. 'ஒரு எட்டு போயிட்டு வாரேன்' என்கிறோமே, அந்த எட்டு காலை எட்டி வைப்பது. 'செத்த இரு' என்பதற்குள் 'சற்று' என்ற சொல் இருக்கிறது. எல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் இந்தச் சின்னச் சொற்களுக்குள் எவ்வளவு இடம் கிடக்கிறது என்பதைச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கண்ணாலேயே பார்த்தேன்.

போன மாசம் ஒரு காலை, திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் முதல்முறையாகத் துபாய்க்கு வேலைக்குப் போகிற இளைஞன். வழியனுப்ப வந்த அம்மா படிக்கட்டுக் கம்பியை விடாமல் நின்றாள். அப்பாவைக் காணோம். மேலநீலிதநல்லூரில் ஆடு வளர்க்கிறவர். புறப்படுகிற நேரம் பார்த்து ஆடு ஒன்று குட்டி போட, 'முன்ன போங்க, இந்தா வாரேன்' என்று பின்தங்கிவிட்டாராம். இந்தப் பஸ் போய்விட்டால் மகன் முகத்தைப் பார்க்க இரண்டு வருஷம்.

கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி," என்றாள் அம்மா. "ஆட்டோவுல ஏறிட்டாவளாம். இந்தா வந்துருவாவ."

"ஒங்க 'இந்தா'வ நம்புனா வண்டி நாளைக்குத்தான் திருநவேலி போவும்க்கா."

பின் சீட்டுப் பெரியவர் குரல் கொடுத்தார். "வெத்தல போடுத நேரந்தானவே, நிக்கட்டும்!"

"நீரு வெத்தல போட அரை மணி நேரம் ஆவும். பேசாம இரும்வே!"

பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

டிரைவர் இறங்கினார். "ஒரு டீ குடிச்சுக்கிடுதேன்" என்று கடைக்குப் போய்விட்டார்.

"நேரமாச்சு, வண்டிய எடும்வே!" என்று டைம் கீப்பர் கத்தினார்.

"டீ சுடுதுவே!"

டிரைவர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். ஊதினார். உதட்டை நனைத்தார். திரும்பவும் ஊதினார். விரலும் கண்ணும் காலும் போதாமல் டீயாலும் நேரத்தை அளக்கிறோம், அந்த அளவை ஒரு மனிதர் ஊதி ஊதியே நீட்டுகிறார்! நான் மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. அப்பா ஓடிவந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஜன்னல் வழியாக மகன் கன்னத்தைத் தொட்டார்.

"என்ன குட்டிப்பா?"

"பொட்டக் குட்டி. பாத்துப் போயிட்டு வாய்யா."

அவ்வளவுதான் பேச்சு. டிரைவர் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறினார். அது எப்போதோ ஆறியிருக்கும்.